செய்யுள் நடத்தப் போகிறீர்களா? வேலூர்ப் பக்கம் தமிழ் பி.எட். பயிற்சிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் குடியாத்தம் பக்கம். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு பி.எட். சேர்ந்தேன். 2022–23இல் காட்பாடியைத் தாண்டி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஜூனியர்கள் போன் போட்டு அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை போனதுதான் மிச்சம். அதனால் எழுதி வைக்கிறேன். பள்ளியின் பெயரும் ஆசிரியர்களின் பெயரும் இதில் இருக்காது.

பயிற்சி எத்தனை நாள்? போனதுமே வகுப்பைக் கையில் கொடுத்துவிடுவார்களா?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டு ஆண்டு. அதில் பள்ளியில் இருக்க வேண்டியது மொத்தம் 20 வாரம்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. முதல் ஆண்டில் பெரும்பாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. இரண்டாம் ஆண்டில் வகுப்பு கிடைக்கும். பத்தாம் வகுப்பை லேசில் தரமாட்டார்கள், பொதுத்தேர்வு பயம். எனக்கு ஒன்பதாம் வகுப்பு கொடுத்தார்கள். அதோடு யார் லீவு போட்டாலும் "பி.எட். மிஸ்ஸ அனுப்புங்க" என்பார்கள். நான் கணக்கு வகுப்பில்கூட நின்றிருக்கிறேன்.

எம்.ஏ. தமிழ் படித்தவருக்கு ஒன்பதாம் வகுப்புச் செய்யுள் என்ன பெரிய விஷயமா?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். முதல் செய்யுள் வகுப்பு புறநானூறு, குடபுலவியனார் பாடியது. பாண்டியன் நெடுஞ்செழியனிடம், பேரும் புகழும் வேண்டுமானால் நீர்நிலைகளைப் பெருக்கு என்று சொல்லும் பாட்டு. முந்தின நாள் ராத்திரி மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர், தலையாலங்கானத்துப் போர், அருஞ்சொற்பொருள் என்று எதையும் விடவில்லை. கரும்பலகையில் பழைய பதிப்புகளில் இருப்பதுபோல் சீர் பிரித்து அழகாக எழுதினேன்:

நீரின் றமையா யாக்கைக் கெல்லாம்
உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே

முதல் கேள்வி மூன்றாம் பெஞ்சிலிருந்து வந்தது: "மிஸ், கெல்லாம்னா இன்னா?" சிரிப்பு. இன்னொருத்தன், "தோரே யாரு மிஸ்?" எனக்கு அது வேற்றுமை உருபும் புணர்ச்சியும். அவர்களுக்கு அது "கெல்லாம்" என்ற புது வார்த்தை. அவர்கள் மேல் தப்பே இல்லை, எழுதியிருந்தது அப்படித்தானே.

அதற்குப் பிறகு நான் பேசினேன், பேசினேன், 25 நிமிஷத்தில் மூன்று பக்கமும் தீர்ந்துவிட்டது. மணி அடிக்க இன்னும் 20 நிமிஷம். யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, கிண்டலே இல்லாமல் சொன்னான்: "மிஸ், நீங்க சொன்னதெல்லாம் கைடுலயே கீது."

பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷம் நான் வாங்கின மார்க்கெல்லாம் அந்த ஒரு வரியில் போயிற்று.

அப்போது வழிகாட்டி ஆசிரியர் என்ன சொன்னார்?

எங்கள் பள்ளியில் அவரை எல்லோரும் தமிழம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இன்னும் சில வருஷத்தில் ஓய்வு பெற இருந்தவர். கடைசி பெஞ்சில் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "பாட்ட எத்தன வாட்டி படிச்ச?"

ஒரு தடவை.

"பொருள எத்தன வாட்டி சொன்ன?"

நான் பதில் சொல்லவில்லை. "அதாம்மா. அவனுக்குப் பாட்டே இன்னும் காதுல விழல. விழாத ஒண்ணுக்கு நீ வெளக்கம் சொல்லிகினு கீற" என்றார். டீ குடிக்கப் போய்விட்டோம்.

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதும் அது ஒன்றுதான். பொருளைச் சொல்ல அவசரப்படாதீர்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வரும் சில்லறை விவரம்.

பாட்டைக் காதில் விழ வைப்பது என்றால்? ராகம் போட்டுப் பாட வேண்டுமா? எனக்குக் குரல் வராதே.

எனக்கும் வராது. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் வெயில் காலத்தில் பாரதம் நடக்கும். மத்தியானம் பிரசங்கியார் பாரதம் படிப்பார், ராத்திரி கூத்து. கடைசியில் துரியோதனன் சாகும் படுகளம். சின்ன வயதில் பாட்டியோடு பந்தலில் உட்கார்ந்து கேட்டதை நான் இலக்கியக் கல்வி என்று நினைத்ததே இல்லை, கோயில் விசேஷம் என்றுதான் நினைத்தேன். தமிழம்மா சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பிரசங்கியார் விருத்தத்தை முதலில் முழுசாகப் பாடுவார். நிறுத்துவார். அவசரமே இருக்காது. மறுபடி இரண்டு அடியைப் பாடிவிட்டு, பந்தலைப் பார்த்து ஒரு கேள்வி போடுவார்: "சபையில எல்லாரும் இருக்காங்க, யாராவது வாயத் தெறந்தாங்களா?" எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் "ஒருத்தனும் தெறக்கலையே" என்று சத்தமாகப் பதில் சொல்வார்கள். பதவுரை அதற்கப்புறம்தான் வரும்.

எனவே செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நிதானமாக, வாய் திறந்து, தூங்கி வழியாமல் இரண்டு தடவை படியுங்கள். அப்போது புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகள் வரிசை வரிசையாகச் சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் கரும்பலகை. அதிலும் முதலில் சொல் பிரித்து எழுதுங்கள். சீர் பிரித்த வடிவம் யாப்பிலக்கணம் நடத்தும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் தடவை அதே பாட்டை நடத்தினீர்களா? என்ன ஆயிற்று?

அதே பள்ளியில் ஒன்பது 'பி' பிரிவுக்கு, ஒரு வாரம் கழித்து நடத்தினேன். அந்த வகுப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு தடவை படித்தேன். "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" மட்டும் எல்லோரும் சொன்னார்கள். இதே அடி மணிமேகலையிலும் அப்படியே வருகிறது என்று மட்டும் சொன்னேன், கதைக்குள் போகவில்லை. பிறகு "வித்தி வான் நோக்கும் புன்புலம்" என்ற இடத்துக்கு வந்து நிறுத்தினேன். 'வித்தி' என்றால் விதைத்து என்பதை மட்டும் சொன்னேன். "விதைச்சிட்டு வானத்தைப் பார்க்கிற நிலமாம். நிலத்துக்குக் கண் இருக்கா? ஏன் பார்க்குது?" என்று கேட்டேன்.

யாரும் பேசவில்லை. எனக்கு வியர்த்தது. போன தடவை இந்த இடத்தில் நானே பதிலைச் சொல்லியிருப்பேன். தமிழம்மா மனசுக்குள் பத்து எண்ணச் சொல்லியிருந்தார். எண்ணினேன். (பிறகு கல்லூரியில் படித்தேன்: மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதை அளந்திருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது. தமிழம்மாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது.) எட்டு எண்ணும்போது ஜன்னலோரப் பெண் ஒருத்தி சொன்னாள்:

"எங்க தாத்தா மல்லாட்டை போட்டுட்டு மானத்தப் பாத்துகினு இருப்பாரு மிஸ்."

(மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை.) அவ்வளவுதான், வகுப்பு அவிழ்ந்துகொண்டது. போர்வெல் போட்டும் தண்ணீர் வராத கதை ஒருவன் சொன்னான். அது மானாவாரி நிலம் என்று இன்னொருவன் சொன்னான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தின் மேல் நின்று பார்த்ததை நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த பாலாறு மணல்தான். அவ்வளவு தண்ணீர் வந்ததே, எங்கே போயிற்று என்று கேட்டேன். "கடலுக்கு மிஸ்." நிறுத்தி வைத்திருக்கலாமே? "ஏரி தூர்ந்து கீது மிஸ்."

அப்போதுதான் பாட்டின் கடைசிக்குப் போனேன். நிலம் குழிந்த இடத்தில் நீரைத் தடுத்து நிறுத்தியவரே இந்த உலகத்தில் தம் பெயரை நிறுத்துகிறார், அப்படிச் செய்யாதவர் பெயர் நிற்காது என்று குடபுலவியனார் ராஜாவிடம் முகத்துக்கு நேரே சொல்கிறார். இதற்கு நான் விளக்கமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரப் பெண் கேட்டாள்: "ராஜா கோவிச்சிக்கலையா மிஸ்?" அந்தக் கேள்விக்கு எந்தக் கைடிலும் பதில் இல்லை. எனக்கும் தெரியாது என்று சொன்னேன். வகுப்பு முன்னால் முதல் தடவையாக அப்படிச் சொன்னேன், கூச்சமாகத்தான் இருந்தது.

பாடம் முடியவில்லை. இலக்கணக்குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம் எல்லாம் மறுநாளுக்குப் போனது.

பாடம் முடியவில்லை என்றால் மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர் என்ன சொல்வார்?

மார்க்கைக் குறைப்பார். எனக்குக் குறைந்தது. "தொகுத்தல், மதிப்பிடல் இடம்பெறவில்லை" என்று குறிப்பு எழுதினார். அவர் எழுதியது தப்பில்லை, பாடக்குறிப்பில் நான்தானே அவற்றுக்கு ஐந்தைந்து நிமிஷம் போட்டிருந்தேன். மேற்பார்வை நாளுக்கு ஏழெட்டு அடி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 45 நிமிஷத்தில் முழுப் பாட்டையும் முடிப்பதாகப் பாடக்குறிப்பில் எழுதுவதுதான் முதல் பொய்.

இரண்டாவது பொய் 'மாணவர் செயல்' என்ற கட்டத்தில் இருக்கிறது. எல்லா வரிசையிலும் "மாணவர்கள் உற்றுநோக்கினர்", "மாணவர்கள் கவனித்தனர்" என்று நாமே எழுதி வைத்துவிடுகிறோம். அந்தக் கட்டத்தில் கேள்வியையும், வரக்கூடிய இரண்டு மூன்று பதிலையும் எழுதிப் பாருங்கள். என்னுடைய பதிவேட்டில் உருப்படியான பக்கம் என்று இருந்தால் அப்படி எழுதியவைதான்.

மைக்ரோ டீச்சிங்கில் படித்ததெல்லாம் அப்போது வீண்தானா?

வீண் இல்லை. ஐந்தாறு நிமிஷம், எதிரே நம் தோழிகள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறன். அங்கே, வந்த பதிலிலிருந்தே மேலும் மேலும் கேட்டுப் போகும் 'கிளர்வினாத் திறன்' செய்தபோது என் தோழிகள் நான் எதிர்பார்த்த பதிலையே சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கும் அவர்களுக்கும் சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகணும். பள்ளியில் அந்தச் சலுகை கிடையாது. கரும்பலகையில் நேர்கோட்டில் எழுதுவது, வகுப்புக்கு முதுகு காட்டி நிற்காதது, ஒருவனையே பார்த்துப் பேசாதது, இதெல்லாம் அங்கே பழகியதுதான்.

பிள்ளைகள் 'கீது', 'இன்னா', 'வந்துகினு' என்று பேசுகிறார்கள். தமிழ் வகுப்பில் திருத்த வேண்டாமா?

எழுத்தில் திருத்துங்கள். பேச்சில் திருத்தினால் அடுத்த கேள்விக்கு யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். "மானத்தப் பாத்துகினு இருப்பாரு" என்று சொன்ன பெண்ணை நான் அந்த இடத்தில் "பார்த்துக்கொண்டு என்று சொல்" என்று திருத்தியிருந்தால் அந்த வகுப்பு அங்கேயே செத்திருக்கும்.

அடுத்த வாரம் துணைவினைகள் பாடம் வந்தது. அப்போது அவள் சொன்ன அதே வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். பாத்துகினு, பார்த்துக்கொண்டு: இந்தக் 'கினு' எங்கிருந்து வந்தது? 'கொண்டு' தேய்ந்து வந்தது. கையில் எதையும் கொள்ளாமலே 'பார்த்துக்கொண்டு' என்கிறோமே, அதுதான் துணைவினை. பிள்ளைகளுக்குத் தங்கள் பேச்சுக்குள் இலக்கணம் இருக்கிறது என்பதே அதிசயமாக இருந்தது. சினிமாவில் இந்தப் பேச்சை ரவுடிக்கும் காமெடியனுக்கும் கொடுத்துக் கொடுத்து, பேசுகிறவர்களுக்கே வெட்கம் வந்துவிட்டது. தமிழம்மா வட ஆற்காட்டுப் பேச்சை விட்டதே இல்லை, தலைமையாசிரியர் முன்னால்கூட.

வீட்டில் உருது, தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்குச் சங்க இலக்கியம் ஏறுமா?

வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று எங்கே போட்டாலும் உருது பேசும் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். ஆந்திர எல்லை ஓரமென்றால் தெலுங்கு. 2006இல் வந்த தமிழ் கற்கும் சட்டத்துக்குப் பிறகு தமிழ் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாகிவிட்டது, அதனால் இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும்.

புறநானூற்றுச் சொல் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கே அந்நியம்தான். அந்த விஷயத்தில் எல்லோரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். ஓசை விஷயத்தில் உருது வீட்டுப் பிள்ளைகள் ஒரு படி மேலே. வீட்டிலும் விசேஷங்களிலும் பாட்டைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள், கூச்சப்படாமல் நிமிர்ந்து நின்று சொல்வார்கள். எதுகை நடத்தும்போது ஒரு பெண்ணை அவளுக்குத் தெரிந்த உருதுப் பாட்டில் இரண்டு அடி சொல்லச் சொன்னேன். ஒரே ஓசை அடியின் கடைசியில் வந்து விழுந்தது. நம்முடைய எதுகையோ அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில். தெலுங்கு பேசும் பையன் ஒருவனுடைய அப்பாவுக்குப் பத்தியம், அதாவது தெலுங்குச் செய்யுள், தெரியுமாம். தெலுங்கில் 'பிராச' என்பதும் நம்மைப்போலவே அடிதோறும் இரண்டாம் எழுத்துத்தான் என்று சொன்னதும் அவனுக்கு முகமெல்லாம் பல்.

உள்ளூரோடு தொடர்பு உள்ள இலக்கியம் பாடத்தில் உண்டா?

உண்டு, நாம்தான் சொல்வதில்லை. மலைபடுகடாம் பத்தாம் வகுப்பில் இருந்தது. 583 அடி, பெருங்கௌசிகனார் பாடியது, பாட்டுடைத் தலைவன் நன்னன். அவனுடைய ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். 1989இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரியும்வரை அது வட ஆற்காடுதான். பாட்டில் வரும் சேயாறுதான் இன்றைய செய்யாறு. பரிசு வாங்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு என்பதால், பஸ் ரூட் சொல்வதுபோல் நடத்தலாம்.

பத்தாம் வகுப்புக்கு நான் ஒரே ஒரு நாள் போனேன், தமிழம்மா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மலையை யானையாகவும் மலையில் எழும் பலவித ஓசைகளை அதன் மதமாகவும் பார்த்ததால் வந்த பெயர் என்று மட்டும் சொல்லிவிட்டு, உங்கள் ஊர் மலையில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று பட்டியல் போடச் சொன்னேன். மயில், ஆட்டு மணி, காற்று, கோயில் ஸ்பீக்கர். ஒருவன் "குவாரியில வெடி வைக்கிறது" என்று எழுதியிருந்தான். பட்டியலில் அதுதான் பெரிய சத்தம். 'இறடிப் பொம்மல்' என்றால் தினைச்சோறு என்று சொன்னபோது, சவ்வாது மலையில் சொந்தக்காரர் இருந்த ஒரு பெண் "அங்க இப்பவும் சாமை ஆக்குவாங்க மிஸ்" என்றாள்.

மு.வ.வையும் (மு. வரதராசன்) சொல்லுங்கள். பிள்ளைகள் குறளுக்குப் பொருள் தேடினால் பெரும்பாலும் அவர் உரைதான் வருகிறது. திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர் அவர்.

ஒன்பதாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது?

என் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு முடிக்கும் நேரத்தில் கொரோனா வந்து பள்ளியை மூடினார்கள். ஏழும் எட்டும் பாதிக்கு மேல் போனில் போயிற்று, போன் இல்லாதவனுக்கு அதுவும் இல்லை. ஒன்பதில் வந்து நிற்கும்போது கொம்பும் காலும் குழம்பும் பிள்ளைகள் ஆறேழு பேர்.

காதில் விழ வைப்பது இவர்களுக்குத்தான் அதிகம் உதவியது. படிக்கத் திணறிய பையன் ஒருவன் அந்தப் புறநானூற்றுப் பாட்டில் பத்து அடியைக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டான். பிறகு புத்தகத்தைக் கொடுத்து, விரலை வைத்துக்கொண்டே சொல்லச் சொன்னேன். வாயில் இருக்கும் சொல் விரலுக்குக் கீழே எங்கே இருக்கிறது என்று தேடினான். தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம். 16 வாரத்தில் சரளமாகப் படித்தான் என்று சொல்லமாட்டேன். தெரியாத பத்தியையும் படிக்க முயற்சி செய்தான், அதுவரைதான் என்னால் முடிந்தது.

பரீட்சைக்கு என்ன செய்வது? பிள்ளைகளுக்கு மார்க் வேண்டாமா?

வேண்டும். 2019–20இலிருந்து பத்தாம் வகுப்புத் தமிழ் ஒரே தாள், 100 மார்க். மனப்பாடப் பாடலும் உண்டு. பத்துத் தடவை எழுதி வா என்று அனுப்பினால் பாதிப் பேர் தங்கச்சியை எழுத வைப்பார்கள். வகுப்புத் தொடக்கத்தில் தினமும் இரண்டு அடி, வரிசை வரிசையாகச் சொல்ல வைத்தால் போதும். கைடையும் விரட்டாதீர்கள். வகுப்பில் பேசி முடித்த பிறகு கைடைத் திறந்து, இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் எழுத்துப் பிழைகூடப் பிடித்தார்கள்.

வகுப்பு அடங்கவே மாட்டேன் என்கிறதே?

குரலை உயர்த்தாதீர்கள், மூன்றாம் வாரத்தில் தொண்டை கட்டும். பெயர் தெரிந்துகொள்ளுங்கள்.

சேலைதான் கட்ட வேண்டுமா?

பெரும்பாலான கல்லூரிகளில் ஆமாம். காட்டன் கட்டுங்கள். வேலூர் வெயிலில் சிந்தெடிக் கட்டிக்கொண்டு முதல் நாள் நான் பட்ட பாட்டைப் புறநானூற்றுப் பக்கமே போகாமல் தனியாகச் சொல்லலாம்.

பதிவேடுகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

பாடக்குறிப்பில் அன்றன்றைக்கே வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். சாதனைத் தேர்வுப் பதிவேட்டைத் தேர்வு வைத்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். தலைமையாசிரியரின் முத்திரையைக் கடைசி நாளுக்கு வைக்கவே கூடாது. எங்களோடு வந்த ஒருத்தி அப்படி வைத்தாள். அன்றைக்குப் பார்த்துத் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டார், முத்திரை இருந்த பீரோ சாவி அவர் பையில். மூன்று பஸ் மாறி அவர் வீட்டுக்கே போய், திண்ணையில் உட்கார்ந்து 40 பாடக்குறிப்பிலும் முத்திரை குத்திக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஊர் திரும்பினாள்.